எதிர்மனுதாரர்: அறிவழகன், ஜங்ஷன் ரோடு

அறிவழகன் தன் பெயரை அந்தப் பக்கத்தில் பார்த்தபோது காலை பதினொன்றேகால். வாங்கி வைத்த டீ இன்னும் ஆறவில்லை. கீழே ஜெராக்ஸ் கடையில் யாரோ சாதிச் சான்றிதழுக்கு நாலு காப்பி கேட்டுக்கொண்டிருந்தார்கள். கலவரப்படுவதற்கு ஏற்ற சூழ்நிலையே இல்லை. ஆனாலும் அவன் கலவரப்பட்டான்.

விருத்தாசலம் ஜங்ஷன் ரோட்டில் அந்த ஜெராக்ஸ் கடையின் மாடிதான் அவன் ஆபீஸ். தொழில், இணையதளங்களுக்கு இடம் பிடித்துக் கொடுப்பது. எங்கேயோ ஓடுகிற பெரிய கம்ப்யூட்டரில் இவன் பெயரில் ஒரு ஹோஸ்டிங் கணக்கு. அதைக் கூறு போட்டு பியூஸ் கேரியர் செய்கிறவர்கள், கொலு பொம்மை செய்கிறவர்கள், கக்கூஸ் பீங்கான் செய்கிறவர்கள் என்று ஊரில் பாதிப்பேரைக் குடி வைத்திருந்தான். ஒண்டுக்குடித்தன வீட்டுக்காரர் செய்வதைத்தான் அவனும் செய்தான். யாருக்கு எவ்வளவு இடம், யார் அளவுக்கு மீறி அடைத்து வைத்திருக்கிறார்கள், யாரைக் காலி செய்யலாம் என்று பார்ப்பது.

கணக்கு அவன் தொடங்கியது அல்ல. குருமூர்த்தி என்பவர் தொண்ணூற்றெட்டில், போன் வயரில் கீச்கீச்சென்று சத்தம் வந்தால்தான் இன்டர்நெட் வரும் என்ற காலத்தில், ஊருக்குள் பிரவுசிங் சென்டர் வைத்தவர். ஐந்து வருஷத்துக்கு முன்னால் மகளோடு இருக்கிறேன் என்று கோயம்புத்தூர் போனபோது, காலண்டர் தாளில் பாஸ்வேர்டை எழுதி அறிவழகன் கையில் கொடுத்தார். "பழைய பக்கம் சிலது உள்ள கெடக்கும். அதும்பாட்டுக்கு இருக்கட்டும்" என்றார். அப்போது அவர் முகத்தில் தெரிந்த நிம்மதியை வயதின் பக்குவம் என்று அறிவழகன் எடுத்துக்கொண்டான்.

பழைய பக்கங்கள் பழைய பக்கங்களாகவே இருந்தன. மண்வெட்டியால் ஓயாமல் வெட்டிக்கொண்டிருக்கும் ஒரு சின்ன மனிதன், பக்கம் இன்னும் கட்டி முடியவில்லை என்பதற்கு அடையாளம். இருபத்தைந்து வருஷமாக வெட்டுகிறான், பள்ளம் ஆழமாகவில்லை. இடமிருந்து வலம் ஓடுகிற வரவேற்பு வரி. எத்தனை பேர் வந்தார்கள் என்று காட்டும் ஆட்டோ மீட்டர் போன்ற எண்கள். எழுத்து தெரிய வேண்டுமானால் எங்கள் எழுத்துருவை முதலில் இறக்கிக்கொள்ளவும் என்ற உத்தரவு. அந்தக் காலத்தில் தமிழுக்குப் பொதுவான எழுத்துமுறை இல்லை. ஒவ்வொரு தளமும் தனக்கென்று ஒன்றை வைத்திருந்தது. அந்த எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் பக்கம் முழுக்கப் புள்ளியும் கொம்பும் வைத்த ஐரோப்பிய எழுத்துகளாகத்தான் தெரியும்.

அப்படித்தான் 'பிராது' என்ற பழைய பக்கமும் தெரிந்தது. வைரஸ் கடித்த குப்பை என்று நினைத்து ஐந்து வருஷம் அவன் அதை எட்டிப் பார்க்கவில்லை. அன்றைக்குப் பார்த்ததும் அழிக்கத்தான். குப்பைக்கு நடுவே, கடைசி வரி மட்டும் இந்தக் காலத்து எழுத்துமுறையில், சுத்தமான தமிழில் இருந்தது.

"எதிர்மனுதாரர்: அறிவழகன், ஹோஸ்டிங், ஜங்ஷன் ரோடு. குறை: எங்கள் தெருவை அழித்துவிட்டார். நாள்: 86."

கொளஞ்சியப்பர் கோயிலில் பிராது கட்டுவது ஊரறிந்த வழக்கம். அநியாயம் நடந்தால் தாளில் எழுதி, சாமி முன்னால் வைத்து, வேலில் கட்டிவிட்டு வருவார்கள். தொண்ணூறு நாளுக்குள் தீரும் என்பது நம்பிக்கை. தீர்ந்ததும் போய் வாபஸ் வாங்கிவிட வேண்டும். வளைகுடாவிலும் சிங்கப்பூரிலும் இருப்பவர்கள் இதற்காக விமானம் ஏற முடியாது என்று, தொண்ணூற்றொன்பதில் குருமூர்த்தி ஒரு படிவம் போட்டார். அங்கிருந்து எழுதி அனுப்பினால் இவர் இங்கே அச்செடுத்துக் கட்டுவார். பக்கம் தானாகவே நாள் எண்ணும்.

அறிவழகன் பழைய எழுத்துருவைத் தேடிப் பிடித்து மற்ற வரிகளைத் தமிழாக்கினான். மொத்தம் நானூற்றுச் சொச்சம். எல்லாமே வாபஸ் ஆனவை. ஒவ்வொன்றுக்கும் காரணம் எழுதும் இடம் இருந்தது.

துபாய்க்காரர் ஒருவர்: என் பங்கு நிலத்தை அண்ணன் உழுகிறான். நாள் 71, வாபஸ். அண்ணன் இப்போது உழுவதில்லை, படுக்கையில் இருக்கிறார்.

சிங்கப்பூர்: சைக்கிள் திருட்டு. நாள் 12, வாபஸ். சைக்கிள் வந்துவிட்டது. எடுத்துப் போனவன்தான் இன்னும் வரவில்லை.

மஸ்கட்: நிச்சயத்தை முறித்த குடும்பம். நாள் 88, வாபஸ். அவர்களுக்கு இதுவே போதும், மேற்கொண்டு எதுவும் வேண்டாம்.

தொண்ணூறைத் தாண்டிய பிராது ஒன்றுகூட இல்லை.

அவன் குருமூர்த்திக்குப் போன் போட்டான்.

"சார், அந்தப் பிராதெல்லாம் நீங்க கோயில்ல கட்டினீங்களா?"

"மொத ஆறு மாசம் கட்டுனேன் தம்பி. அப்புறம் பிரிண்டரு போயிடுச்சு."

"அப்ப மீதி?"

"மீதியும் தீந்துச்சு." உள்ளே யாரிடமோ மிக்சியை நிறுத்தச் சொன்னார். "அதான் எனக்கும் புரியல. அதான் கோயம்புத்தூரு வந்துட்டேன்."

"தொண்ணூறு நாளு தாண்டுனா அந்தப் புரோகிராமு என்ன சார் செய்யும்?"

"அத நான் எழுதவே இல்லையே. எவனும் அதுவரைக்கும் வரல."

பக்கத்து யூனிட்டில் பியூஸ் கேரியர் போடுகிற ஹமீத், டீ கிளாஸைத் திருப்பிக் கொடுக்க மாடியேறி வந்தவன், திரையைப் படித்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். இருவரும் ஒன்றாம் வகுப்பிலிருந்து கூட்டு.

"தெருவ எப்படிடா மாப்ள அழிச்ச? நீ ஒரு நோட்டீசுகூட ஒழுங்கா கிழிக்க மாட்டியே."

எப்படி என்று அறிவழகனுக்கு நினைவு வந்துவிட்டது. மூன்று மாதத்துக்கு முன்னால் கணக்கில் இடம் நிரம்பிவிட்டது. ஒரு பீங்கான் கம்பெனி, ஒரே கக்கூஸை நாற்பது நிறத்தில், நாற்பது கோணத்தில் படமெடுத்து ஏற்றச் சொல்லியிருந்தது. இடம் வேண்டுமே என்று தேடினபோது 'தெரு' என்ற பெயரில் ஒரு பழைய ஃபோல்டர் கிடைத்தது. உள்ளே மங்கலான வீட்டுப் படங்கள். யாருடையது என்று விசாரிக்கச் சோம்பல். காலி செய்து, அதே ஃபோல்டரில் கக்கூஸ்களைக் குடியேற்றினான்.

"கட்டுனவங்க நம்பர் இருக்குதா? போய்ப் பாத்து கால்ல வுழுந்துடு" என்றான் ஹமீத். "சாமியெல்லாம் கெடையாதுன்னு காலேஜுல மேடை போட்டுப் பேசுன ஆளு நீ. ஆனா கால்ல வுழுறதுக்கு அது ஒன்னும் தடையில்ல."

மறுநாள் அறிவழகன் கம்மாபுரம் பக்கம் வண்டியை விட்டான். படிவத்தில் இருந்த பெயர் மாரியம்மாள். தெருவை ஒருவழியாகக் கண்டுபிடித்தான். அதன் அந்தக் கோடியில் நிலக்கரிச் சுரங்கத்திலிருந்து தோண்டிக் கொட்டிய மண் மலை மாதிரி நின்றது. பூமிக்கு அடியில் எதையோ அரைப்பதுபோல ஒரு சத்தம் விடாமல் கேட்டது. அங்கே யாரும் அதைக் காதில் வாங்குவதாகத் தெரியவில்லை. வீடுகளில் சிவப்புப் பெயின்டில் எண் போட்டிருந்தது. சில எண்களுக்குப் பின்னால் வீடு இல்லை.

மாரியம்மாளுக்கு ஐம்பத்தைந்து இருக்கும். பிளாஸ்டிக் நாற்காலியைத் துடைத்துப் போட்டார்.

"ஒக்காருங்க தம்பி. நீங்கதான் அறிவழகனா? போட்டோல கொஞ்சம் குண்டா இருந்தீங்க."

"என் போட்டோ எங்கங்க பாத்தீங்க?"

"எம்பொண்ணு வெண்பா காட்டுனா. யாரு மேல எழுதறோம்னு தெரிஞ்சிதான எழுதணும்."

அவர் கணவர் தங்கராசு ஸ்டூடியோ வைத்திருந்தவர். இரண்டாயிரத்து இரண்டில், தெருவின் இருபத்திரண்டு வீடுகளையும் கிணறு, தென்னை, மாட்டுக்கொட்டகையோடு படமெடுத்தார். குருமூர்த்தி அதை இலவசமாக நெட்டில் போட்டுக் கொடுத்தார். தங்கராசு போய்ச் சேர்ந்தார். ஸ்டூடியோவில் இருந்த ஃபிலிமெல்லாம் ஒரு மழையில் ஊறிக் கூழாகிவிட்டது. இப்போது சுரங்கத்துக்கான நிலமெடுப்புப் பட்டியலில் பாதி வீட்டைக் காலி மனை என்று எழுதிவிட்டார்கள். புதன்கிழமை விசாரணை. அந்தப் படங்கள்தான் கையில் இருந்த ஒரே சாட்சி.

"வெண்பா தெறந்து பாக்குறா, எங்க வூடு இருந்த எடத்துல கக்கூசு நிக்குது. பச்சக் கலர்ல. மத்த எதைத் தொட்டாலும் வேல செய்யல, பிராது எழுதற எடம் மட்டும் வேல செஞ்சுது. எழுதிப் போட்டுட்டேன்."

"எனக்கு ஒரு போன் பண்ணியிருக்கலாமேம்மா."

"பதினோரு தடவ பண்ணோம் தம்பி."

அது உண்மைதான். தெரியாத எண்ணை எடுப்பதில்லை என்று அவனுக்கு ஒரு கொள்கை இருந்தது.

"கோவத்துல இருக்கீங்க..."

"எனக்கு என்ன கோவம்?" என்று அவர் நிஜமாகவே ஆச்சரியப்பட்டார். "கோவமெல்லாம் எழுதறவரைக்கும்தான். எழுதிக் குடுத்தாச்சு. இனிமே அது சாமி பாடு, ஒங்க பாடு. படத்தக் குடுத்துடுங்க, வாபஸ் வாங்கிக்கிறேன். மோரு குடிக்கிறீங்களா?"

படம் இனிக் கிடைப்பது சந்தேகம் என்று அந்த இடத்திலேயே சொல்லியிருக்க வேண்டும். "தேடிக்கிட்டு இருக்கேம்மா, எப்படியும் கெடைச்சுரும்" என்றான். மோரைக் குடித்தான். மோர் நன்றாக இருந்தது. அதுதான் அவனுக்குச் சங்கடமாக இருந்தது.

அவன் தேடாமலும் இல்லை. ஹோஸ்டிங் கம்பெனிக்கு எழுதினான். முப்பது நாளுக்கு மேற்பட்ட நகல் எங்களிடம் இருப்பதில்லை, தங்கள் நாள் இனிய நாளாக அமையட்டும் என்று பதில் வந்தது. பழைய இணையப் பக்கங்களையெல்லாம் நகலெடுத்துச் சேர்த்து வைக்கும் காப்பகத்தில் பார்த்தான். அங்கே எழுத்து மட்டும் இருந்தது: முதல் வீடு, இரண்டாம் வீடு, மூன்றாம் வீடு. படம் இருக்க வேண்டிய இடத்திலெல்லாம் காலிச் சதுரம். ஆரம்ப காலத்தில் படங்களை அது எடுக்கவில்லை. பின்னால் எடுக்க வந்தபோது வாசலிலேயே ஒரு தடை உத்தரவு நின்றிருக்கிறது. கண்ட கண்ட இயந்திரமெல்லாம் வந்து டேட்டாவைத் தின்கிறது என்று, எவரும் உள்ளே வரக்கூடாதென நாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு வரி எழுதி வைத்தவன் சாட்சாத் அறிவழகன்தான்.

நாள் 88. ஆபீஸ் மின்விசிறி காரணமில்லாமல் நின்றது. எலெக்ட்ரீஷியன் வந்து பார்த்து, பியூஸ் போய்விட்டது என்றார். பியூஸ் கேரியர் செய்கிற ஊரில் பியூஸ் போவது செய்தியே இல்லை. அவன் அன்று படியிறங்கும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு இறங்கினான்.

நாள் 89. வண்டியை வீட்டில் விட்டுவிட்டு நடந்து வந்தான். ரோட்டைக் கடக்க ஒரு லாரிக்காகக் கால் மணி நேரம் நின்றான். லாரியும் நின்றுகொண்டுதான் இருந்தது. ஓட்டுநர் உள்ளே சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

மாடியேறியதும் கணக்கைத் திறந்தான். பிராதெல்லாம் ஒரே ஒரு ஃபைலில்தான் இருந்தன. ஒவ்வொரு வரியின் கடைசியிலும் ஓர் எண். நிலுவையில் இருந்தால் பூஜ்யம், வாபஸ் என்றால் ஒன்று. ஒரே ஒரு பூஜ்யம்தான் பாக்கி. உலகத்திலேயே தன் மேல் கட்டிய பிராதைத் தானே வாபஸ் வாங்கும் வசதி படைத்த எதிர்மனுதாரர் தான் ஒருவன்தான் என்று அவனுக்குத் தோன்றியது. கர்சரை வைத்தான், பூஜ்யத்தை அழித்தான், ஒன்று போட்டான், சேமித்தான். பக்கம் "வாபஸ்" என்று காட்டியது. காரணம் என்ற இடம் மட்டும் காலியாக இருந்தது. அதை அப்படியே விட்டான்.

அன்றைக்கு வயிறு நிறையச் சாப்பிட்டான்.

அடுத்த நாள் செவ்வாய். காலை ஒன்பது மணிக்கு ஜெராக்ஸ் கடை வாசலில் ஒரு வேன் வந்து நின்றது. மாரியம்மாள் தேங்காய் பழத் தட்டோடு இறங்கினார். பின்னால் வெண்பா. அதற்குப் பின்னால் ஆட்கள் இறங்கிக்கொண்டே இருந்தார்கள்.

"செய்தி வந்துச்சு தம்பி" என்றார் மாரியம்மாள்.

வெண்பா போனை நீட்டினாள். வாபஸ் விழுந்தால் மனுதாரருக்குத் தானாக ஒரு மெயில் போகும்படி குருமூர்த்தி அன்றைக்கே எழுதி வைத்திருக்கிறார். தொண்ணூற்றொன்பதாம் வருஷத்து மரியாதையில் அது இப்படி இருந்தது: "தங்கள் பிராது தீர்ந்தது. எதிர்மனுதாரர் உரிய பொருளை ஒப்படைத்துவிட்டார். ஆலயத்துக்கு நேரில் சென்று வாபஸை உறுதி செய்யவும்."

"ஏறுங்க. ஒரு வார்த்த நேர்ல வந்து சொல்லிட்டுப் போயிடுங்க" என்றார் மாரியம்மாள்.

அறிவழகன் ஏறினான். வேனில் நடுச் சீட்டு அவனுக்காகவே காலியாக இருந்தது. யாரும் படத்தைப் பற்றிக் கேட்கவில்லை. வழியில் ஒருவர் அவனுக்கு ஆரஞ்சு மிட்டாய் கொடுத்தார். இன்னொருவர், ஊரில் மழை எப்படி என்று விசாரித்தார். யாராவது ஒருவர் திட்டினால் உண்மையைச் சொல்லிவிடலாம் என்று, கோயில் இருக்கும் மணவாளநல்லூர் வரைக்கும் காத்திருந்தான். யாரும் திட்டவில்லை.

கோயிலில் வேலைச் சுற்றி ஆயிரக்கணக்கில் தாள்கள் சுருட்டிக் கட்டியிருந்தன. ஆளுயரத்துக்கு மேல் வேலே தெரியவில்லை. காற்று இல்லாத நேரத்திலும் அவை மெல்லச் சரசரத்தன. அடியில் இருப்பவை மேலே இருப்பவற்றைத் தள்ளுவது போல இருந்தது.

"சொல்லுங்க தம்பி" என்றார் மாரியம்மாள். "குடுத்துட்டேன்னு."

அவன் வாயைத் திறந்தான். ஆரஞ்சு மிட்டாய் இன்னும் கன்னத்தில் இருந்தது.

"குடுக்கலம்மா" என்றான். "படம் இல்ல. எங்கயும் இல்ல. வாபஸ்னு நாந்தான் மாத்திப் போட்டேன்."

யாரும் அதிர்ச்சி அடைந்ததாகத் தெரியவில்லை.

"தெரியும் சார்" என்றாள் வெண்பா. "மெயிலு வந்ததுமே தெறந்து பாத்தோம். கக்கூசுதான் இருந்துது. நேத்து சிகப்புக் கலரும் சேத்திருக்கீங்க."

"அப்புறம் எதுக்கு என்னக் கூட்டியாந்தீங்க?"

"வாபஸ்னு வந்துடுச்சில்ல" என்றார் மாரியம்மாள், பொறுமையாக. "பழையது முடிஞ்சிது. இனிமே அத வெச்சி ஒங்கள ஒன்னும் கேக்க முடியாது. அதான் புதுசா எழுதியாந்தோம். நெட்டுல வேணாம்னுட்டு கையாலயே எழுதிட்டோம், வூட்டுக்கு ஒன்னு."

தட்டில் தேங்காய்க்குக் கீழே, மடித்து வைத்த தாள்கள் இருந்தன. அவற்றை எடுத்து ஒவ்வொருவர் கையிலும் கொடுத்தார். இருபத்திரண்டு பேரும் வரிசையில் நின்றார்கள். ரேஷன் கடையில்கூட அவ்வளவு அமைதியான வரிசையை அறிவழகன் பார்த்ததில்லை.

"எல்லாரும் ஒரே தப்பு பண்ணிட்டோம் தம்பி" என்றார் அவர், பேனாவின் மூடியைக் கழற்றியபடி. "ஊருல இன்னொரு அறிவழகன் இருந்தா பாவம், அந்தப் புள்ளைக்கு எதுக்கு? ஒங்க அப்பா பேரு என்ன?"

அவன் சொன்னான். இருபத்திரண்டு பேரும் எழுதிக்கொண்டார்கள்.