முதலில் கட்டிய தொட்டி

எங்கள் சபைக்கு ஆலயம் இல்லாமல் போனதற்குக் காரணம் நான். இதை யாரும் என் முகத்துக்கு நேராகச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நான்கு வார்த்தை திருப்பிக் கொடுத்து மனதை ஆற்றிக்கொண்டிருப்பேன். தையல்காரிக்கு ஊசி மட்டும்தான் கூர்மை என்று நினைத்துவிடாதீர்கள்.

பன்னிரண்டு வருடமாக ஒரு டியூஷன் சென்டரின் மாடி அறையில்தான் எங்கள் ஆராதனை. கரும்பலகையில் இருக்கும் கணக்கை அழித்தால் வாத்தியார் கோபிப்பார் என்று அதன்மேல் ஒரு வெள்ளைத் துணியைத் தொங்கவிட்டு, நாற்காலிகளை வரிசையாகப் போட்டுப் பாடுவோம். நாற்பது பேர். கடைசி வரிசையில் என் வீட்டுக்காரர். பஸ் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். என்னைக் கொண்டுவந்து விடுவதற்காக வருகிறவரே தவிர விசுவாசி இல்லை. பாட்டு வந்தால் எழுந்து நிற்பார், ஜெபம் வந்தால் ஜன்னலைப் பார்ப்பார். சபையில் அவருக்குப் பெயரே 'கடைசி வரிசை'தான்.

தொட்டித் தண்ணீரில் முழுகி ஞானஸ்நானம் எடுத்துக்கொள்ளுங்கள் என்று கல்யாணமான நாளிலிருந்து முப்பது வருடம் நச்சரித்திருக்கிறேன். எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்பார்கள். இந்தக் கல் தேயவில்லை. பிறகு ஒரு நிறுவனம் ஆலயம் கட்டிக்கொள்ளத் தன் காலி மனையை நீண்ட குத்தகைக்குத் தர ஒப்புக்கொண்டது. போதகர் அதை அறிவித்தபோது எல்லோரும் கைதட்டினார்கள். அந்தச் சந்தோஷத்தில் இவரும் வாய் கொடுத்து மாட்டிக்கொண்டார்.

"சர்ச்சைக் கட்டுங்க, அதுல தொட்டியும் கட்டுங்க. முதல் ஆளா நான் இறங்குறேன்."

ஆலயம் எழும்ப இரண்டு வருடம் ஆகும் என்றார்கள். அடுத்த மாதமே டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, இவருடைய நுரையீரல் ஒரு வருடம் தாங்கினாலே பெரிது என்றார். நான் நேரே எங்கள் சபை மேஸ்திரியிடம் போய் நின்றேன்.

"அண்ணே, தொட்டியை மட்டும் முதல்ல கட்டிடுங்க."

"அஸ்திவாரமே தோண்டலையேம்மா. பிளான்ல நிறுவனத்துக்காரங்க கையெழுத்து வர்ற வரைக்கும் ஒரு செங்கல்கூட வைக்கக்கூடாதுன்னு குத்தகைப் பத்திரத்துல எழுதியிருக்கு."

"தொட்டி என்ன கட்டடமா? குழிதானே அண்ணே?"

மேஸ்திரி போதகரைப் பார்த்தார். போதகர் என்னைப் பார்த்தார். "எருமை வாங்குறதுக்கு முன்னாடியே நெய்க்கு விலை பேசுறோம்" என்று சிரித்துக்கொண்டே சம்மதித்தார். அவருக்கும் டாக்டர் சொன்னது தெரியும். மூன்று சனிக்கிழமைகள் சபையே செங்கல் சுமந்தது. சுற்றிலும் வெறும் மண். நடுவில் ஆறு படிகளோடு ஒரு தொட்டி.

நான்காவது வாரம் நிறுவனத்திலிருந்து இரண்டு பேர் அளவு நாடாவும் கேமராவுமாக வந்தார்கள். பத்தாம் நாள் கடிதம் வந்தது. நிபந்தனையை மீறியதால் குத்தகை ரத்து. இரண்டு மாதத்துக்குள் தொட்டியை இடித்து, மண்ணை நிரவி, மனையை ஒப்படைக்க வேண்டும்.

போதகர் அதை ஆராதனையிலேயே முழுவதும் படித்தார். மடித்துப் பைக்குள் வைத்துவிட்டு, அடுத்த பாட்டின் எண்ணைச் சொன்னார். எல்லோரும் எழுந்து பாடினார்கள். நான் பாட்டுப் புத்தகத்தைத் திறக்காமலே நின்றேன். ஒருவராவது திரும்பி என்னை முறைத்திருக்கலாம். கடவுள்மேலும் எனக்குக் கோபம்தான். உமக்காகத்தானே அவசரப்பட்டேன் என்று தினமும் அவரோடு சண்டை போட்டேன். ஆத்திரக்காரிக்குப் புத்தி மட்டு என்று அவர் பதில் சொன்னதாகவே எனக்குப் பட்டது.

கெடு முடிகிற ஞாயிறு வந்தது. ஆராதனை முடிந்து எல்லோரும் போய்த் தொட்டியை இடிப்பதாக ஏற்பாடு. எனக்குத் தலைவலி என்றேன்.

"நான் போயிட்டு வர்றேன்" என்றார் இவர். "சுத்தியல் தூக்க முடியாட்டியும் நாலு செங்கல் பொறுக்கலாம்."

பதினோரு மணிக்குப் போதகர் போன் செய்தார். எடுக்கவில்லை. நான்கு முறை அடித்து ஓய்ந்தது. பிறகு சபையிலிருக்கும் நர்ஸ் வந்து கதவைத் தட்டினாள்.

"அக்கா, கதவைத் திறங்க. உங்களை உடனே கூட்டிட்டு வரச் சொன்னாங்க."

எல்லோரும் கூடி நின்று எனக்கு ஆறுதல் சொல்லப்போகிறார்கள் என்று நினைத்தேன். அதைத் தாங்குகிற சக்தி எனக்கு இல்லை. சத்தம் கேட்டுவிடாதபடி தையல் மிஷினிலிருந்து காலை எடுத்துக்கொண்டேன்.

"என்ன விஷயம்னு சொல்லக்கூடாதாம் அக்கா. நீங்களே வந்து பாக்கணுமாம். அக்கா?"

வெகுநேரம் நின்று பார்த்துவிட்டுப் போய்விட்டாள்.

இரண்டரை மணிக்கு இவர் வந்தார். சட்டை உடம்போடு ஒட்டியிருந்தது. தலையிலிருந்து தண்ணீர் சொட்டியது. வெளியே நல்ல வெயில்.

"நெஞ்சு இருக்கிற இருப்புக்குத் தண்ணியில விளையாட்டா?" என்று கத்தினேன்.

நாற்காலியில் உட்கார்ந்து மூச்சு நிதானப்பட்டதும், "இறங்கிட்டேன்" என்றார்.

"எங்க?"

"தொட்டியிலதான். இடிக்கறதுக்கு முன்னாடி ஒரு லாரி தண்ணி விடச் சொன்னேன். உனக்காக ரெண்டு மணி வரைக்கும் காத்திருந்தோம். சாயங்காலம் இடத்தை ஒப்படைக்கணுமே, அதுக்கு மேல முடியலை. விஷயத்தை உங்கிட்டச் சொல்ல வேண்டாம்னு சொன்னது நான்தான். நான் இறங்குறப்போ உன் மூஞ்சியைப் பாக்கணும்னு ஒரு ஆசை."

தரையில் உட்கார்ந்துவிட்டேன். "சர்ச்தான் கட்டவே இல்லையே" என்றேன்.

"பஸ் ஓட்டுறவனுக்குத் திரும்பிப் பாக்காமலே எல்லாப் பேச்சும் காதுல விழும். இந்த ரெண்டு மாசமா கடைசி வரிசையில அதே காதோடதான் உட்கார்ந்திருந்தேன். உன்னால போச்சுன்னு ஒருத்தர் சொல்லட்டும், அப்புறம் அந்தப் பக்கம் தலைவெச்சுக்கூடப் படுக்கிறதில்லைன்னு இருந்தேன். யாரும் சொல்லலை. படிக்கட்டுல, செருப்பு மாட்டுற இடத்துலகூடச் சொல்லலை. அந்த மேஸ்திரி, கட்டின கையாலேயே இடிக்க வந்து நிக்கிறான், அவனும் சொல்லலை." கொஞ்சம் இருமினார். "அடுத்த ஞாயித்துக்கிழமை நாற்காலி போடறது நம்ம முறையாம். சீக்கிரம் கிளம்பணும்."

முப்பது வருடம் கேட்டது நடந்துவிட்டது. சபையே பார்த்தது. என்னை மன்னித்தவர்கள் என் கதவைத் தட்டிக் கூப்பிட்டும், பூட்டிக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருந்தவள் நான் ஒருத்திதான். வாய்விட்டு அழுதேன். அவர் தடுக்கவில்லை. அழுது முடித்ததும் துண்டை எடுத்து அவர் தலையைத் துவட்டினேன்.

"முதல்ல இருந்து சொல்லுங்க" என்றேன். "யார் கையைப் பிடிச்சாங்க, என்ன பாட்டுப் பாடினாங்க, ஒண்ணு விடாம."

நாளுக்கு நாலு வார்த்தை பேசுகிற மனிதர், முதல் படியிலிருந்து சொல்ல ஆரம்பித்தார். இரண்டு படிக்கு ஒருமுறை மூச்சு வாங்கியது. ஒவ்வொரு தடவையும் நான் காத்திருந்தேன்.