நாற்பத்தொன்றாவது முன்பதிவு

அன்று அந்த வண்டிக்குள் ஆறு பேர் இருந்தார்கள். ஓட்டுநர் இருக்கையில் பரீது. அவனுக்கு இடப்பக்கம், மேலே இருந்த கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு அவனுடைய லாத்தா, மூத்த அக்கா செய்யதம்மாள். நடு வரிசையில் சன்னலோரம் அவன் மனைவி ஷமீம் பானு; அவள் மடியிலும் பக்கத்து இருக்கையிலுமாக மாறி மாறி உட்கார்ந்துகொண்டிருந்த கடைக்குட்டி ஷிஃபா. பின் வரிசையில் பிளஸ் டூ படிக்கிற ஆஷிகாவும் ஏழாம் வகுப்பு முஃபீதும். ஏழாவது இருக்கையில் செய்யதம்மாளின் மருந்துப் பை இருந்தது. விற்பனைப் பிரிவு மாரிச்செல்வம் வெளியே கதவைப் பிடித்தபடி நின்றான். வண்டி எங்கும் போகவில்லை. தென்காசி ஷோரூமின் கண்ணாடிச் சுவருக்கு உள்ளே, சிவப்புக் கம்பளத்தின் மேல் நின்றுகொண்டிருந்தது.

பரீது ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்து, கண்ணாடியைத் திருப்பி, பின்னால் இருந்தவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தான்.

"வாப்பா, அது உம்மா உக்காருத எடம்லா?" என்றான் முஃபீத் பின்னாலிருந்து.

எல்லோரும் சிரித்தார்கள். பரீதும் சிரித்தான். ஷமீம் பானு மட்டும் பையனைத் திரும்பி ஒரு பார்வை பார்த்துவிட்டு ஷிஃபாவின் செருப்பைச் சரிசெய்தாள்.

இந்த வண்டியையே தந்துவிடுங்களேன் என்று பரீது மூன்றாவது தடவையாகக் கேட்டான். மாரிச்செல்வம் மூன்றாவது தடவையாகக் கையை விரித்தான். "இது காட்டுறதுக்கு வச்சது அண்ணாச்சி. யார்டுல போய்ப் பாருங்க, வண்டி நிக்க எடத்துல புல்லு மொளச்சிக் கெடக்கு. சிப்பு வரல. நகத்தளவு சாமான், அது இல்லாம அம்புட்டு வண்டியும் கம்பெனியிலேயே நிக்கி."

பரீதுக்கு விடுப்பு நாற்பது நாள். அதில் பதினோரு நாள் கரைந்துவிட்டது. ஊருக்கு வந்த மறுநாளே முன்பதிவு செய்து, 41 என்று எண் போட்ட சீட்டை வாங்கியிருந்தான். தனக்கு முன்னால் நாற்பது பேர் நிற்கிறார்கள் என்பதும், வண்டி கைக்கு வர ஐந்து மாதமாவது ஆகும் என்பதும் அன்றைக்கே தெரியும். தெரிந்தும் மனசு கேட்கவில்லை.

அவன் ரியாத்துக்குப் போய்ப் பதினெட்டு வருஷம். முதல் பதினோரு வருஷம் ஒரு வீட்டில் டிரைவர். அந்த வீட்டுப் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கும், அவர்களுடைய தாயைக் கடைவீதிக்கும், வெள்ளிக்கிழமையானால் எல்லோரையும் சேர்த்து மணல்காட்டுக்கும் ஏழு சீட்டு வண்டியில் ஏற்றிப் போய்வந்தான். இப்போது அதே முதலாளியின் கம்பெனியில் வண்டிகளை மேற்பார்க்கிற வேலை. அந்தப் பதினோரு வருஷமும் கண்ணாடியில் பார்த்தால் பின்னால் யாரோ பெற்ற பிள்ளைகள் மண்டையில் குட்டிக்கொண்டு சண்டை போடுவார்கள். தன் பிள்ளைகள் பின்னால் சண்டை போட, தான் முன்னால் உட்கார்ந்து சாரல் காலத்தில் ஐந்தருவிக்கு ஓட்டிப்போக வேண்டும் என்று அப்போது விழுந்த ஆசை. கொரோனாவில் மூன்று வருஷம் ஊர்ப்பக்கமே வரமுடியாமல் போனதும் அது இன்னும் முற்றிவிட்டது. இந்த விடுப்பை விட்டால் அடுத்தது இரண்டு வருஷம் கழித்துத்தான்.

ஆகவே காலில் சுடுதண்ணீரைக் கொட்டியவன்போல அலைந்தான். சங்கரன்கோவில், கோவில்பட்டி, நாகர்கோவில் என்று ஒரு ஷோரூம் விடாமல் போன் போட்டான். விடியற்காலை சுபுஹு தொழுதுவிட்டு நேராகப் போய் யார்டு கேட்டின் கம்பி வழியே எட்டிப் பார்த்தான். காவலாளிக்கு இவன் முகம் பழகி, "இன்னைக்கும் வரல பாய்" என்று கேட்பதற்கு முன்பே சொல்ல ஆரம்பித்துவிட்டார். புனலூரில் ஒரு வண்டி நிற்கிறது என்று செங்கோட்டைக் கூட்டாளி ஒருவர் சொல்ல, பஸ் பிடித்து மலையேறிப் போனான். வண்டி நின்றது உண்மைதான். "கேரளத்துல அட்ரஸ் உண்டோ சேட்டா?" என்று கேட்டார்கள். இல்லை. ஒரு சாயா குடித்துவிட்டுத் திரும்பினான்.

வீட்டிலும் ஓர் இடத்தில் உட்காரவில்லை. சோறு முன்னால் இருக்கும்; கை போனில் இருக்கும். "ஏலே பரீது, நீ வந்திருக்கியா வரலையான்னு எனக்கே சந்தேகமா இருக்கு" என்றாள் செய்யதம்மாள்.

செய்யதம்மாளுக்காகவும்தான் இந்த வண்டி. தனியாகிவிட்ட அவளுக்கு இவர்கள் வீடுதான் வீடு. சிறுநீரகம் கெட்டு, வாரத்துக்கு இரண்டு நாள் டயாலிசிஸுக்குத் திருநெல்வேலி போகவேண்டும். பொதுமுடக்கத்தில் வாடகைக் கார் எதுவும் வராமல் போனபோது, பக்கத்து வீட்டு முத்துசெல்வி டீச்சரிடம் பதினைந்து நாளில் ஓட்டப் பழகி, ஒரு பழைய சின்னக் காரை வாங்கி, அன்றிலிருந்து அவளைக் கூட்டிப்போய்க் கூட்டிவருவது ஷமீம் பானுதான். அவள் அதைப் போனில் சொன்னபோது, "சரி சரி, மெல்லப் போ" என்றதோடு பரீது மறந்துவிட்டான். அவள் ஓட்டி அவன் பார்த்ததில்லை. அவன் வந்த வாரம் அந்தக் காரின் கிளட்ச் பிளேட் போய் ஒர்க்‌ஷாப்பில் கிடந்தது. வாடகைக் காரில் போய்வந்தார்கள்.

பதின்மூன்றாம் நாள், வியாழக்கிழமை, மாரிச்செல்வம் போன் செய்தான். திருநெல்வேலியில் ஒருவர் தன் வண்டியை வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டார். வெள்ளை, டீசல், கியர் வண்டி. முன்னால் இருக்கிற நாற்பது பேரையும் கேட்டாகிவிட்டது. ஒருவர் பாக்கியில்லாமல் வேறு கலர், வேறு மாடல் என்று ஒதுங்கிவிட்டார்கள். பரீது சரியென்றால் நாலு நாளில் வீட்டு வாசலில் நிற்கும். திங்கட்கிழமைக்குள் திருநெல்வேலித் தலைமைக் கிளைக்கு எழுத்தில் பதில் வேண்டும். அதற்கு முன் அதே மாதிரி டெமோ வண்டியை ஒரு தடவை ஓட்டிப் பார்க்கலாம்.

பரீது அப்போதே மனசுக்குள் சரியென்று சொல்லிவிட்டான். சட்டையை மாற்றினான். பிள்ளைகள் இரண்டு பேர் பள்ளிக்கூடத்தில். ஷமீம் பானுவையும் ஷிஃபாவையும் கிளப்பினான். ஓடும்போது என் உடம்பு அதைத் தாங்குதா என்று பார்க்கணும் என்று செய்யதம்மாளும் வந்தாள்.

மேலகரம் தாண்டும்போதே சாரல் பிடித்துக்கொண்டது. பரீது இடது கையால் தண்டைத் தட்டி இண்டிகேட்டர் போட்டான். வைப்பர் இரண்டு மடங்கு வேகத்தில் அடித்தது. ரியாத்தில் அவன் ஓட்டுகிற வண்டிகளில் இண்டிகேட்டர் இடப்பக்கம். சாரலில் யாருக்கும் தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டான். பக்கத்தில் இருந்த மாரிச்செல்வம் மட்டும் மெல்ல எட்டி வைப்பரைக் குறைத்தான். அடுத்த வளைவிலும் அதேதான். அதற்கடுத்த வளைவிலும்.

ஆனாலும் வண்டி ஓடியது. பெரியருவியில் தண்ணீர் கூடி குளிக்கத் தடை போட்டிருந்ததால் கூட்டமெல்லாம் ஐந்தருவிப் பக்கம் திரும்பியிருந்தது. தலையில் எண்ணெய் வழிய ஈரத் துண்டோடு நடப்பவர்கள், மங்குஸ்தான் கூடைகள், துண்டுக் கடைகள். ஷிஃபா சன்னலை இறக்கி முகத்தை நீட்டினாள். பரீதுக்குக் கண்ணாடியில் அந்த முகம் தெரிந்தது. இன்னும் இருபத்தேழு நாள் மிச்சம் என்று எண்ணிக்கொண்டான். நாலு நாள் போக இருபத்துமூன்று.

ஐந்தருவியில் வண்டியைத் திருப்பி, நிறுத்துமிடத்தை விட்டு ரோட்டில் ஏற்றியபோதுதான் அது நடந்தது. ரியாத்தில் வலப்பக்கமே ஓட்டிய பதினெட்டு வருஷத்துப் பழக்கத்தில் கை வண்டியைத் தானாக வலப்பக்கத்துக்குக் கொண்டுபோனது. எதிரே கேரளத்துச் சுற்றுலா பஸ் ஒன்று விளக்கைப் போட்டபடி இறங்கி வந்தது.

"இடது பக்கம்," என்றாள் ஷமீம் பானு பின்னாலிருந்து. கத்தவில்லை. ஷிஃபாவைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, "இடது பக்கம் வாங்க," என்றாள் மறுபடியும்.

பஸ் நின்றது. வண்டியும் நின்றது. ஒரு ஆள் படுக்கிற தூரம்தான் இடைவெளி. பஸ் டிரைவர் தலையை நீட்டி மலையாளத்தில் என்னவோ சொன்னார். மங்குஸ்தான் விற்ற பெண் கூடையைத் தூக்கிக்கொண்டு ஒதுங்கினாள். பரீது வண்டியை இடப்பக்கம் கொண்டுவந்து ஓரமாக நிறுத்தினான். நிறுத்திய பிறகும் ஸ்டியரிங்கை விடவில்லை.

"அக்கா ஓட்டட்டும் அண்ணாச்சி," என்றான் மாரிச்செல்வம், ரோட்டைப் பார்த்துக்கொண்டே.

இடம் மாறினார்கள். ஷமீம் பானு ஏறியதும் இருக்கையை முன்னால் தள்ளினாள்; அது முடிகிற வரை தள்ளினாள். காலை நீட்டி கிளட்சை மிதித்துப் பார்த்தாள். போதவில்லை. இறங்கிப்போய் எதிர்க் கடையில் ஒரு குளியல் துண்டு வாங்கிவந்து, அதை நாலாக மடித்து முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டாள். பிறகு வண்டியை எடுத்தாள்.

அவள் இருந்த இடத்தில் இப்போது பரீது இருந்தான். அவள் ஓட்டுவதை அவன் முதல்முதலாகப் பார்த்தான். எந்தப் பள்ளத்துக்கு எந்தப் பக்கம் ஒதுங்குவது என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. செக்போஸ்டில் நின்ற போலீஸ்காரர் இவளைப் பார்த்ததும், "என்னம்மா, புது வண்டியா?" என்று கேட்டு வழிவிட்டார். ஆனால் ஒவ்வொரு தடவை கியர் மாற்றும்போதும் அவள் முதுகு துண்டை விட்டு எழும்பியது. இடது கால் பெருவிரல் நுனியில் நின்று கிளட்சை அமுக்கியது, விட்டது, அமுக்கியது. தென்காசி போவதற்குள் இப்படி எத்தனை தடவை என்று பரீது எண்ணத் தொடங்கி, மேலகரத்திலேயே விட்டுவிட்டான். செய்யதம்மாள், "திருநெல்வேலி போகையில ஆலங்குளம் ரோட்டு வேலயில நம்ம பழைய கார்ல மணிக்கணக்கா நின்னு நின்னு போவோம்லா, அப்பவும் இப்படித்தான் எக்குவா. அது சின்னக் காரு. இதுல இன்னும் எக்கணும்," என்றாள் பொதுவாக.

வீட்டுக்கு வந்ததும் ஷமீம் பானு இடது முழங்காலில் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தாள். பரீது அவள் முன்னால் இரண்டு தடவை நடந்தான். பிறகு, வண்டி எப்படி என்று கேட்டான்.

"நல்ல வண்டி. நீங்க ஆசப்பட்டது. எடுங்க," என்றாள் அவள். "நீங்க ஊருல இருக்கிய வரைக்கும் ஓட்டுங்க. நீங்க போன பொறவு நான் அந்தப் பழைய காரையே எடுத்துக்கிடுதேன். இத மூடி வச்சிருவோம்."

அவள் குத்திக்காட்டவில்லை. குத்திக்காட்டியிருந்தால் பதில் சொல்லியிருப்பான். கொல்லைப்பக்கம் போய் நின்றான். அங்கேயும் நிற்க முடியவில்லை. இருபத்துமூன்று நாள். அதற்குப் பிறகு இரண்டு வருஷம் உறை போட்டு மூடிய ஒரு வெள்ளை வண்டியும், அதன் பக்கத்தில் வாரத்துக்கு இரண்டு நாள் பழைய காரில் எக்கி எக்கிப் போய்வருகிற இவர்களும் கண்முன் நின்றார்கள்.

சாயங்காலம் மாரிச்செல்வத்துக்குப் போன் போட்டு, கிளட்ச் இல்லாத வண்டி பற்றி விசாரித்தான். ஆட்டோமேட்டிக் இருக்கிறது, அதில் ஓட்டுநர் இருக்கையை உயர்த்திக்கொள்ளலாம். ஆனால் வரிசையில் அதே நாற்பத்தொன்று, அதே ஐந்து மாதம். வண்டி வரும்போது அண்ணாச்சி ஊரில் இருக்கமாட்டீர்கள், எடுப்பவர் பெயருக்கு மாற்றி எழுதித் தரவேண்டும், வாட்ஸப்பில் அனுப்பினால்கூடப் போதும் என்றான்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வந்து பரீது வாட்ஸப்பில் எழுதினான். அழித்தான். மறுபடியும் எழுதி அனுப்பினான். அந்தப் பக்கம் பார்ப்பதற்குள் அதையும் அழித்தான். "என்ன அண்ணாச்சி, டெலிட் பண்ணிட்டீங்க?" என்று மாரிச்செல்வம் கேட்டதற்குப் பதில் போடவில்லை. போன் கையில் இருக்கிற வரை தன்னை நம்ப முடியாது என்று அவனுக்குப் புரிந்துவிட்டது. ஆஷிகாவிடம் ஒரு முழுத்தாள் கேட்டான்.

பள்ளிக்கூடத்தில் தமிழய்யா சொல்லிக்கொடுத்தபடி இடப்பக்கம் அனுப்புநர், பெறுநர் போட்டான். ஐயா என்று எழுதிக் காற்புள்ளி வைத்தான். 'பொருள்: முன்பதிவில் பெயர் மாற்றம்' என்று எழுதி அடிக்கோடிட்டு, வரிசையாக எண் போட்டான்.

'1. நாற்பத்தொன்றாம் எண்ணில் என் பெயரில் உள்ள முன்பதிவை என் மனைவி ஷமீம் பானு பெயருக்கு மாற்றித் தரவும். வண்டியை ஓட்டப்போகிறவர் அவரே.

2. கிளட்ச் இல்லாத, ஓட்டுநர் இருக்கையை உயர்த்தும் வசதியுள்ள வண்டியே வேண்டும். தாமதமானாலும் சம்மதம்.

3. தற்போது கைவசமுள்ள வெள்ளை வண்டி எனக்கு வேண்டாம். வரிசையில் அடுத்தவருக்குக் கொடுத்து உதவவும்.'

மூன்றாவதை எழுதும்போது பேனா ஒரு தடவை நின்றது. பிறகு எழுதிவிட்டான்.

அவளும் கையெழுத்துப் போடவேண்டும். தாளை நீட்டினான். ஷமீம் பானு நின்றபடியே படித்தாள். உட்கார்ந்து இன்னொரு தடவை படித்தாள்.

"அப்ப உங்களுக்கு?" என்றாள்.

"அடுத்த லீவுல நீ கூட்டிட்டுப் போ. நான் பின்னால இருந்து சண்ட போடுதேன்."

அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு பேனாவை வாங்கினாள். கையெழுத்துப் போடுமுன், "கலரு நான் சொல்லலாமா?" என்று கேட்டாள். சொல்லேன் என்றான். "வெள்ள வேண்டாம். ரோட்டு வேல நடக்க புழுதிக்கு நாளைக்கு ரெண்டு தடவ கழுவணும்." பரீது தாளை வாங்கி, '4. நிறம்: சாம்பல்' என்று சேர்த்தான். அடுப்படியிலிருந்து செய்யதம்மாள், என் மருந்துப் பைக்கு ஒரு சீட்டு என்று அஞ்சாவதா எழுதுலே என்றாள். அதை எழுதவில்லை.

சனிக்கிழமை காலை தபாலாபீஸ் திறக்கும்போதே போய் நின்றான். உறையின் வாயில் பசை தடவி, மேசையில் வைத்து முழங்கையால் ஓரம் ஓரமாக அமுக்கி ஒட்டினான். ஒட்டிய பிறகும் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தான். பின்னால் நின்றவர் தொண்டையைச் செருமினார்.

கவுண்டரில் இருந்த ஊழியர் பெர்சிஸ் உறையை வாங்கி எடை பார்த்து, பதிவுத் தபால் சீட்டை ஒட்டினாள். ஒப்புகை அட்டை வேண்டுமா என்று கேட்டாள். வேண்டும் என்றான். திங்கட்கிழமை போய்ச் சேர்ந்துவிடுமா என்று கேட்டான். சேர்ந்துவிடும் என்றாள்.

"இனி இதத் திருப்பி வாங்க முடியாதுல்லாம்மா?"

பெர்சிஸ் நிமிர்ந்து பார்த்தாள். "தபால் பையக் கட்டுறதுக்குள்ள எழுதிக் குடுத்தா வாங்கலாம். வேணுமா?"

பரீது உறையைப் பார்த்தான். அனுப்புநர் இடத்தில் இரண்டு பெயர் இருந்தது.

"வேண்டாம்," என்றான்.

அவள் முத்திரையை ஓங்கிக் குத்தி, பின்னால் வாய் திறந்து கிடந்த பைக்குள் கடிதத்தைப் போட்டாள்.