ஒரு சாண் டெரோசர்

துவாக்குடியில் ஃபைபர் பொம்மைப் பட்டறை வைத்திருக்கும் ராசாத்தியைத் தேடி, ஸ்ரீரங்கத்துக் குடியிருப்போர் சங்கத் தலைவர் ரங்கநாதன் வந்தார். பக்கத்து நகர்ப் பூங்காவில் பத்தடி டைனோசர் வைத்துவிட்ட வயிற்றெரிச்சல் அவருக்கு.

"நம்ம பூங்காவுல பெரிய புங்கமரம் இருக்கும்மா. டைனோசர் காலத்துல மரத்துலயே குடியிருந்த டெரோசர்னு ஒண்ணு, பறக்குமாம். அதைச் செஞ்சு குடு."

"அளவு சார்?"

"ஒரிஜினல் அளவு. ஒரு இன்ச் மாறினாலும் வாங்க மாட்டேன்."

ராசாத்தி தேடிப் படித்தாள். டெரோசர்களில் மரத்தில் குடியிருந்த வகை, சிறகை விரித்தால் ஒரு சாண்தான். உடம்பு சிட்டுக்குருவி அளவு. பதறிப்போய் போன் செய்தாள். அவள் விஷயத்தைச் சொல்லுமுன்பே "அளவுல பேச்சே கிடையாது" என்று அவர் வைத்துவிட்டார். சரி, கிடையாதென்றால் கிடையாது. யானை செய்தபோதுகூட அவள் இவ்வளவு மெனக்கெட்டதில்லை. கிளையைப் பற்றும் கால்விரல்களுக்கு மட்டும் நான்கு நாள் ஆனது.

திறப்பு விழாவன்று டெரோசர் டிபன் டப்பாவில் பஸ் ஏறி வந்தது. ரங்கநாதன் சிறப்பு விருந்தினரை அழைக்கப் போயிருந்த நேரத்தில், கட்டியிருந்த இருபதடித் திரைக்குப் பின்னால் அதைக் கிளையில் பொருத்தினாள்.

சிறப்பு விருந்தினரான ஓய்வுபெற்ற தலைமையாசிரியை சுபலட்சுமி கயிற்றை இழுத்தார். திரை விழுந்தது. மரம் தெரிந்தது. கூட்டம் கைதட்டியது, பிறகு எதற்குத் தட்டினோம் என்று யோசித்தது.

ரங்கநாதன் அசரவில்லை. உச்சிக்கிளையில் கறுப்பாக எதையோ கண்டு, "அதோ, என்ன தத்ரூபம் பாருங்க" என்றார்.

தத்ரூபம் கரைந்துவிட்டுப் பறந்துபோனது.

"பறக்கவும் செய்யுதே" என்றார் தலைமையாசிரியை மரியாதையாக.

ராசாத்தியால் வாயை அடக்க முடியவில்லை. "அது காக்காங்க. நம்மது நடுக்கிளையில, இலைக்குப் பின்னாடி இருக்கு."

பந்தல்காரர் பிலோமின்ராஜிடம் ஏணி வாங்கிச் சாத்தினார்கள். முதலில் ஏறிய தலைமையாசிரியை, இறங்கியதும் மறுபடி வரிசையின் கடைசியில் போய் நின்றுகொண்டார். "வைகுண்ட ஏகாதசிக்குக்கூட நம்மாளுங்க இப்படித் தள்ளாம நின்னதில்லை" என்றார் ஒருவர்.

நாற்காலியில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்த ரங்கநாதன், டெரோசரைப் பிடுங்கி ராசாத்தி கையிலேயே கொடுத்துவிடப் போவதாகச் சொல்லி எழுந்தார். வரிசையை விலக்கிக்கொண்டு ஏறினார். மேலே போனவர் இலையை விலக்கி, முகத்தைக் கிட்டே கொண்டுபோனார்.

"ஏம்மா, இந்த விரலைப் பாத்தியா? கிளையை என்னமாப் புடிச்சிட்டிருக்கு."

"நான்தான சார் செஞ்சேன்."

"ஆமால்ல."

கீழே பிலோமின்ராஜ் ஏணியைத் தட்டினார். "எறங்குங்க சார், கல்யாண வீட்டுக்கு ஏணி போகணும்."

"இருங்க. நான் இன்னும் மூக்கைப் பாக்கலை."