மூடியோரத்தில் ஒரு வெள்ளைப் புள்ளி

அண்ணி கண்ணாடித் தட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். தட்டின் நடுவே ஊசிமுனை அளவில் ஒரு வெள்ளைப் புள்ளி.

பக்கத்துக் கூடத்தில் ஒரு பெட்டி தயாராகிக்கொண்டிருந்தது. செவ்வாய்க்குப் போய் மண்ணைத் தோண்டி, அதில் ஈரம் உண்டா, உயிர் வாழ்ந்த தடயம் உண்டா என்று பார்க்கப்போகும் பெட்டி. பூமியின் கிருமி ஒன்று அதில் ஒட்டிக்கொண்டு போனால் போதும், அங்கே கண்டது அங்கே பிறந்ததா, இங்கிருந்து போனதா என்று ஒருவராலும் சொல்ல முடியாது. அதனால் பெட்டியைப் பஞ்சால் ஒற்றியெடுத்து, தட்டில் தடவி, ஏதாவது முளைக்கிறதா என்று காத்திருந்து பார்ப்பது அண்ணியின் வேலை. பெட்டிக்குத் திருகாணி முடுக்குபவள் அவளுடைய நாத்தனார். அவள் ஓயாமல் "அண்ணி, அண்ணி" என்று கூப்பிட்டதில் கூடத்துக்கே இவள் அண்ணியாகிப்போனாள்.

இந்தப் புள்ளி முளைத்த தட்டில் தடவியது, பெட்டியின் மூடியோரத்தில் ஒற்றியெடுத்த பஞ்சு. அங்கே கை வைத்தவள் நாத்தனார் ஒருத்திதான். மறுநாள் பெட்டியை நிரந்தரமாக மூடுவதாக இருந்தது.

பேசாமல் தட்டைக் கழுவிவிட்டால் என்ன என்று மனம் கேட்டது. 'ஆண்டவா, இந்தப் புத்தி எனக்கு எங்கிருந்து வந்தது?' என்று தன்னையே கடிந்துகொண்டு, உடை மாற்றும் அறைக்குப் போனாள்.

"ஏம்மா, அன்னைக்கு மூடியை மாட்டும்போது என்ன நடந்துச்சு?"

"என்ன அண்ணி, போலீஸ் மாதிரி கேக்குறீங்க?"

"தட்டுல முளைச்சிருக்கு."

நாத்தனார் தன் கைகளைப் பார்த்தாள். அம்மாவைப் பறிகொடுத்துவிட்டு அண்மையில்தான் வேலைக்குத் திரும்பியிருந்தாள்.

"அம்மா ஞாபகம் வந்துருச்சு அண்ணி. நான் வீட்டுக்குள்ள கால் வச்சதும் கேப்பாங்கல்ல, 'இன்னைக்காவது அங்க தண்ணி கிடைச்சுதாடி?'ன்னு."

"பெட்டியே இன்னும் போகலம்மான்னு நீ கத்துவ."

"'அப்ப போறப்பவே ஒரு பாட்டில் தண்ணி குடுத்து அனுப்புங்களேன்'னு சொல்லுவாங்க."

இருவரும் சிரித்தார்கள். சிரிப்பு பாதியிலேயே வேறாகிப்போனது.

"உடம்பு முழுக்க மூடுற அந்த உடுப்புக்குள்ள கண்ணைத் துடைக்க வழியில்ல. கண்ணாடியைத் தூக்கி விரலால துடைச்சுட்டேன். கையுறையை மாத்தணும்னு தோணவே இல்ல. இனிமே என்னை அந்தப் பெட்டி பக்கமே விடமாட்டாங்க. சொல்லித்தான் ஆகணுமா அண்ணி?"

"சொல்லித்தான் ஆகணும். ஆனா நீ தனியாப் போக வேண்டாம், நானும் வரேன். அன்னைக்குக் காலையில உன் கண்ணு கலங்கியிருந்ததை நான் பார்த்தேன். ஒரு வார்த்தை கேக்காம விட்டுட்டேன். இதுல எனக்கும் பங்கு இருக்கு."

கூடத்தின் தலைவருக்கு 'பொறுமை' என்று பெயர். எதற்கெடுத்தாலும் அவர் சொல்லும் வார்த்தை அது. இருவரும் சொன்னதை முழுவதும் கேட்டுவிட்டு நெற்றியைத் தேய்த்துக்கொண்டார்.

"சொல்லாம விட்டிருந்தா, செவ்வாய்ல தண்ணியும் உயிரும் ஒண்ணாக் கிடைச்சுதுன்னு கொண்டாடியிருப்போம். பார்த்தா உன் கண்ணீரு!" என்றார். "மூடியைக் கழட்டி அடுப்புல வச்சு சூடு பண்ணுங்க. பெட்டியை மறுபடி துடைச்சுப் பாருங்க. மூடுறது தள்ளிப்போகும், போகட்டும். பொறுமை."

"யார் சார் கழட்டுறது?" என்று கேட்டாள் நாத்தனார்.

"மாட்டினது யாரு? நீதானே. போய்க் கழட்டும்மா."

மறுநாள் கூடத்து வாசலில் ஒரு நாற்காலியும் காகிதக் கைக்குட்டைகளும் இருந்தன. கண் கலங்கினால் வெளியே வந்து, ஆற அமர அழுதுவிட்டு, கையுறை மாற்றிக்கொண்டு உள்ளே போகலாம் என்பது பொறுமை போட்ட புது விதி. அதற்கு யாரும் சிரிக்கவில்லை.

சில நாள் கழித்து வந்த தட்டுகளில் ஒன்றுமே முளைக்கவில்லை. அண்ணி ஒவ்வொன்றையும் இரண்டு முறை பார்த்து, மனதுக்குள் நன்றி சொல்லிவிட்டு, அன்று கொஞ்சம் முன்னதாகவே வீட்டுக்கு வந்துவிட்டாள்.

பெட்டியை மூடி முத்திரையிட்டுவிட்டு மாலையில் வந்த நாத்தனார் வாசலிலேயே தயங்கி நின்றாள். வீடு அமைதியாக இருந்தது.

"என்னடி," உள்ளிருந்து அண்ணி குரல் கொடுத்தாள், "இன்னைக்காவது அங்க தண்ணி கிடைச்சுதா?"

நாத்தனார் செருப்பைக் கழற்றினாள்.

"பெட்டியே இன்னும் போகல அண்ணி!" என்று கத்திக்கொண்டே உள்ளே போனாள்.