ஆவுடையூர் ஹால்ட்டும் ஊர் மருமகனும்

ஆவுடையூர் ரயில்வே ஹால்ட்டை மூடி நாலு வருஷம் ஆகிறது. மூடவைத்தது தன் புருஷன்தான் என்று ஊர் பேசும்போதெல்லாம் ராஜகுமாரிக்குப் பொறுக்காது.

சங்கரன்கோவிலுக்குப் பக்கத்தில், பெட்டிக்கடையைவிடக் கொஞ்சம் பெரிய ஸ்டேஷன். டிக்கெட் விற்க உள்ளூர் ஆள் ஒருவரைக் கமிஷனுக்கு வைப்பார்கள். ராஜகுமாரியைக் கட்டிக்கொண்டு வீட்டோடு மாப்பிள்ளையாக வந்த செல்வக்குமாருக்கு அந்த வேலை கிடைத்தது. அங்கேதான் வந்தது வினை. ஊர் முழுக்க ஒரே சொந்தம், அதுவும் பெண் கொடுத்த ஊர். மருமகனிடம் போய்க் காசை நீட்டினால் மரியாதையாகவா இருக்கும்? "என்ன மாப்ள, சொகமா?" என்று கேட்டுவிட்டு நேரே ரயிலேறிவிடுவார்கள். மாமனார் ஊரில் கை நீட்ட அவனுக்கும் கூச்சம். சிரித்த முகமாக வழியனுப்பி வைத்தான். ரயில் கொள்ளாத ஜனம், கல்லாவிலோ ஈயாடியது. இங்கே ஏறுவதற்கே ஆளில்லை போலிருக்கிறது என்று மேலிடத்தில் முடிவுகட்டி மூடிவிட்டார்கள்.

அதற்கப்புறம் பஸ்ஸுக்காக மெயின்ரோடு வரை வெயிலில் நடந்த ஒவ்வொருவரும் செல்வக்குமாரைத் திட்டிக்கொண்டே நடந்தார்கள். பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பது இதுதான். பாவம், அவன் டீக்கடைப் பக்கம் போவதையே விட்டுவிட்டான்.

மறுபடி திறக்கச் சொல்லி ஊர் விடாமல் கேட்டதில், போன வாரம் ஓர் அதிகாரி விசாரிக்க வந்தார். செல்வக்குமார் வீட்டிலேயே படுத்துக்கொண்டான். ராஜகுமாரி மட்டும் கூட்டத்துக்குப் போனாள்.

"ஏன் டிக்கெட்டே விக்கல?" என்று கேட்டார் அதிகாரி.

"ஏஜென்ட் சரியில்ல சார்," என்றார் அவளுடைய சித்தப்பா.

ராஜகுமாரி எழுந்துவிட்டாள். "சித்தப்பா, ஒங்க பேத்தி காதுகுத்துக்குத் தென்காசிக்கு ஊரே ரயிலேறிப் போச்சுல்லா, யாரு டிக்கெட் எடுத்தா? மதினி, வாரா வாரம் சந்தைக்குப் போனீயளே, ஒரு நாளாவது எடுத்தீயளா?"

அவள் அப்பா நல்லக்கண்ணு மெல்ல எழுந்தார்.

"தப்பு எங்க மேலதான் சார். மருமகன்கிட்ட காசு நீட்ட வெக்கப்பட்டோம். ஓசியில போக வெக்கப்படல. பழிய மட்டும் அந்தப் பிள்ள தலையில போட்டுட்டோம்."

ராஜகுமாரிக்குக் கண் கலங்கிவிட்டது. நாலு வருஷமாக இந்த ஒரு சொல்லுக்குத்தானே காத்துக் கிடந்தாள்.

அதிகாரிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "சரி, திறந்தா அவரையே போட்டிரலாமா?"

ஊர் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தது. என்ன இருந்தாலும் மருமகன் மருமகன்தானே.

"அவுக வேண்டாம் சார், என்னயப் போடுங்க," என்றாள் ராஜகுமாரி. "நான் இந்த ஊருப் பொண்ணு. பொறந்த வீட்டுல கை நீட்டி வாங்க எனக்கு என்ன கூச்சம்?"

சித்தப்பா முதல் ஆளாகச் சட்டைப்பையைத் தடவிப் பார்த்துக்கொண்டார்.