வெள்ளிக்கிழமை காலியாக இருக்கும்

அன்று காலை மழை தூறியதா என்பதில் இன்றும் தெளிவில்லை. தூறியது என்கிறாள் அக்கா. தம்பிக்கு நினைவிருப்பது வெயில். சரியாகத்தான் நினைவிருக்கிறதா என்று கேட்டால் அவனுக்கே சந்தேகம் வந்துவிடுகிறது. மற்றதெல்லாம் அநேகமாக இப்படித்தான் நடந்தது.

கார் ஷெட்டின் ஷட்டர் பாதியில் சிக்கிக்கொண்டது.

“இன்னும் தூக்குடா. ஸ்ட்ரெச்சரைக் குனிஞ்சா கொண்டு போவாங்க?” என்றாள் அக்கா.

அவன் தோளைக் கொடுத்துத் தூக்கினான். பக்கவாட்டுக் கதவு குறுகலானது. அம்மா அந்தக் கதவு வழியாக நடந்துதான் உள்ளே வந்தாள். வெளியே எப்படிப் போவாள் என்று அப்போது யாரும் யோசிக்கவில்லை. ஷட்டர் கிறீச்சிட்டு மேலே போனதும் தெருவில் நின்றிருந்தவர்களுக்குக் கட்டில் தெரிந்தது. கட்டிலில் அம்மா தெரிந்தாள். சுவரோரம் ஒரு பழைய ஜாக்கியும் இரண்டு டயர்களும் தெரிந்தன. அவன் போர்வை ஒன்றை எடுத்து டயர்களின் மேல் போட்டான்.

வீடு மாடியில். அம்மாவின் முட்டிகளும் இதயமும் படி ஏற விடவில்லை. அதற்கு முந்தின வருடம் தம்பி காரைத் தெருவுக்குத் தள்ளிவிட்டு, ஷெட்டுக்குத் தரை ஓடு பதித்து, சுண்ணாம்பு அடித்து, ஏசி வைத்து அம்மாவை அங்கே குடிவைத்தான். செய்ததில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனாலும் அக்கா போனில் கேட்டாள்: “அம்மா எங்க இருக்காங்கன்னு யாராவது கேட்டா நான் என்னடா சொல்றது? ஷெட்டுலன்னா?”

“அப்ப நீ கூட்டிட்டுப் போய் வச்சுக்கோ.”

அக்கா வாடகைக்கு இருந்தது மூன்றாவது மாடி. பேச்சு அதோடு நின்றது.

அம்மா ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் டெலிபோன் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவள். ஒலிக்கிற போனை ஒலிக்க விட்டுவிட்டு அவளால் உட்கார முடியாது. யாருடைய போனானாலும் எடுப்பாள். “வணக்கம், யாருகிட்ட பேசணும்?” என்பாள். பேசியவர் யார், என்ன சொன்னார், திரும்ப எப்போது கூப்பிட வேண்டும் என்பதை ஒரு சொல் பிசகாமல் உரியவரிடம் சேர்ப்பாள். அந்த வீட்டில் யாரும் போனுக்குப் பூட்டு வைத்துக்கொண்டதில்லை, வைத்தும் பயனில்லை.

“உங்கம்மாவைப் படைச்சவன் காதுக்குப் பதிலா ரெண்டு ரிசீவரை வச்சுட்டான்,” என்றார் மாமா, நாற்காலியில் உட்கார்ந்தபடி. அம்மாவின் உடன்பிறந்தவர், அவளைப் பறிகொடுத்தவர். விடிந்ததிலிருந்து நான்கைந்து முறை அதையே சொல்லிவிட்டார். முதல்முறை சிரித்தவர்கள் இப்போது தலையை மட்டும் ஆட்டினார்கள்.

வண்டிக்காகக் காத்திருந்தார்கள். தம்பி ஷட்டருக்குக் கீழே நின்றுகொண்டான். அங்கே நின்றால் உத்தரம் கண்ணில் படும். பார்க்கக் கூடாது என்று நினைத்தான். பார்த்தான்.

அந்த உத்தரம்தான் அவனுடைய பிரச்சினை. காப்பீட்டு நிறுவனத்தில் அடிபட்ட வண்டிகளைப் பார்த்துச் சேதத்தை மதிப்பிடுகிற வேலை அவனுக்கு. நாள் முழுக்க அடுத்தவர் வண்டி. சொந்த ஆசையென்று இருந்தது ஒன்றே ஒன்று: அப்பா விட்டுப் போன பழைய காரைத் தன் கையாலேயே ஓட வைப்பது. அது தெருவில் தார்ப்பாய்க்குள் துருவேறிக்கொண்டிருந்தது. ஷெட்டில் வண்டியைத் தூக்குகிற லிஃப்ட் ஒன்று வைத்துவிட்டால் அதை மேலே தூக்கி நிறுத்தலாம், கீழே தன் காரை விடலாம், ஞாயிற்றுக்கிழமைகளில் அடியில் போய் வேலை பார்க்கலாம். இரண்டு தூண் வகையென்றால் அடிப்பக்கம் முழுதும் கைக்கு எட்டும். ஆனால் தரையை உடைத்துக் காங்கிரீட் போட்டு ஆணி இறக்க வேண்டும். நான்கு தூண் வகை தன் காலிலேயே நிற்கும். ஆனால் இடத்தை அடைத்துக்கொள்ளும், அந்த உத்தரம் வேறு இடிக்கும். மாதக்கணக்கில் இதே யோசனை. அம்மாவுக்குத் துணையாக மாலையில் அவள் பக்கத்தில் உட்காரும்போது செல்போனில் லிஃப்ட் படங்களைப் பார்த்தான். விற்பனைக்காரரிடம் தணிந்த குரலில் பேசினான்.

“என்னடா பாக்குற, இவ்வளவு நேரமா?”

“ஆபீஸ் வேலைம்மா.”

“கண்ணு போயிடும். லைட்டைப் போட்டுக்கோ.”

அவன் மனைவி ஒரே ஒரு முறை கேட்டாள். “அத்தை இருக்கும்போதே எதுக்குங்க?” அவன் போனைக் கவிழ்த்து வைத்தான். அவளும் திரும்பக் கேட்கவில்லை. 

ஒரு மதியம் அம்மா தூங்கிக்கொண்டிருந்தாள். ஆபீஸிலிருந்து கொண்டு வந்த லேசர் கருவியால் அவன் உயரத்தை அளந்தான். சிவப்புப் புள்ளி உத்தரத்தில் நின்றது. சுவருக்குச் சுவர் அளக்கத் திருப்பியபோது புள்ளி அம்மாவின் போர்வைமேல் ஏறி, மார்பைக் கடந்து, தலையணையைத் தொட்டுவிட்டு அந்தப் பக்கம் போனது. அவன் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றான். அம்மாவின் கண் மூடித்தான் இருந்தது. தூங்குகிறாள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். அன்றிலிருந்து அவனுக்கு வேண்டியிருந்தது அது மட்டும்தான்: அம்மா தூங்கியிருக்க வேண்டும்.

“யாருடா அது? உன்னையே பாக்குறாரு,” என்றாள் ஷட்டருக்குக் கீழே வந்து நின்ற அக்கா.

எதிர்ச் சாரியில் தோளில் பையோடு ஒருவர் நின்றிருந்தார். வீட்டு எண்ணைப் பார்த்தார், நாற்காலிகளைப் பார்த்தார், திறந்திருந்த ஷெட்டைப் பார்த்தார். செருப்பை எங்கே விடுவதென்று தெரியாதவர்போல ஒரு கணம் தடுமாறினார். நேரில் பார்த்ததில்லையென்றாலும் பையில் அச்சடித்திருந்த மஞ்சள் லிஃப்ட் படம் தம்பிக்குத் தெரிந்தது. மாடிப்படியில் நின்றிருந்த அவன் மனைவிக்கும் தெரிந்தது. அவள் மேலே போய்விட்டாள்.

அவன் வேகமாகத் தெருவைக் கடந்து அவரைத் தார்ப்பாய் மூடிய காருக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனான்.

“உங்களை யார் இன்னைக்கு வரச் சொன்னா?”

“சத்தியமா எனக்குத் தெரியாது சார். மன்னிச்சுக்கோங்க. யாரு சார்...?”

“எங்கம்மா.”

அவர் பையைத் திருப்பிப் படம் தெரியாதபடி அணைத்துக்கொண்டார். “அந்த அம்மாதான் சார் வரச் சொன்னாங்க.”

“எந்த அம்மா?”

“செவ்வாய்க்கிழமை உங்க நம்பருக்குப் போட்டேன். ஒரு அம்மா எடுத்தாங்க. நீங்க குளிக்கிறீங்கன்னாங்க. இடத்தை எப்ப வந்து பாக்கலாம்னு கேட்டேன். வெள்ளிக்கிழமை வாங்க, அன்னைக்கு நான் செக்கப்புக்கு ஆஸ்பத்திரி போயிடுவேன், ஷெட்டு காலியா இருக்கும், நிதானமா அளந்துக்கலாம்னாங்க.”

அவன் தார்ப்பாயின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டான்.

“கரண்டு போனா தூக்கின வண்டி கீழ விழுமான்னு கேட்டாங்க. விழாதும்மா, பூட்டு இருக்குன்னேன். அவன் அடியில படுத்து வேலை பாப்பான், அதான் கேட்டேன்னாங்க.” அவர் நிறுத்திவிட்டு, சொல்ல வேண்டுமா என்று யோசித்தவர்போல, சொன்னார். “ரெண்டு தூணா நாலு தூணான்னு நானும் கேட்டுட்டேன் சார். அதை அவன்கிட்டயே கேளுங்க, பாவம் அவன் இன்னும் ரெண்டு மனசா இருக்கான்னாங்க. நீங்க வீட்ல கலந்து பேசிட்டுத்தான் செய்றீங்கன்னு நினைச்சேன்.”

செவ்வாய்க்கிழமை குளித்துவிட்டு வந்து அம்மாவின் தலைமாட்டிலிருந்து போனை எடுத்தது அவனுக்கு நினைவுக்கு வந்தது. ஏதாவது போன் வந்ததா என்று அவன் கேட்கவில்லை. வந்திருந்தால் அம்மாவே சொல்லியிருப்பாள். வாழ்க்கை முழுக்க எந்தச் சேதியையும் தன்னிடம் வைத்துக்கொண்டவளில்லை. அன்று துண்டை நீட்டி, “தலையை நல்லாத் துவட்டு,” என்று மட்டும் சொன்னாள்.

“நான் ஒரு நிமிஷம் பாத்துட்டுப் போகட்டுமா சார்?” என்றார் அவர். “அம்மாவை. ரொம்ப மரியாதையாப் பேசினாங்க.”

“வேண்டாம்.”

“பையை இங்கயே வச்சுடறேன்.”

“வேண்டாங்க. போயிடுங்க.”

அவர் தலையைக் குனிந்துகொண்டு போனார். தெருமுனையில் திரும்பும் முன் நின்று, ஷெட் இருந்த பக்கம் பார்த்து ஒரு கும்பிடு போட்டார். அதை அவன் மட்டும்தான் பார்த்தான். அல்லது அப்படி நினைத்துக்கொண்டான்.

திரும்பி வந்தபோது அக்கா கட்டிலோரம் நின்று அம்மாவின் கால் பக்கத்துத் துணியைச் சரிசெய்துகொண்டிருந்தாள்.

“யாரு?”

“வீடு மாறி வந்துட்டாரு.”

அக்கா நிமிர்ந்து அவனைப் பார்த்தாள். பிறகு தெருவைப் பார்த்தாள். ஏதோ கேட்கப்போகிறாள் என்று காத்திருந்தான். கேட்டிருந்தால் சொல்லியிருப்பான் என்றுதான் இன்றுவரை நம்புகிறான். அவள் மறுபடி குனிந்து, ஏற்கெனவே சரியாக இருந்த துணியைச் சரிசெய்தாள்.

“வண்டி வந்தாச்சு,” என்றார் மாமா.

தூக்குகிறவர்களில் ஒருவர் உள்ளே வந்து சுற்றிலும் பார்த்தார். “இடம் நல்லா தாராளமா இருக்கு சார். சில வீட்டுல மாடியிலேர்ந்து இறக்கறதுக்குள்ள உயிர் போயிடும்,” என்றவர் நாக்கைக் கடித்துக்கொண்டார். யாரும் கோபித்துக்கொள்ளவில்லை. தலைப்பக்கம் தம்பி பிடித்தான். நினைத்ததைவிட லேசாக இருந்தாள். உத்தரத்துக்கு அடியில் போகும்போது குனிய வேண்டியதே இல்லாதபோதும் குனிந்தான்.

மாமா அதற்கடுத்த வருடம் போய்ச் சேர்ந்தார். அந்த விற்பனைக்காரர் வேலையை விட்டுவிட்டு ஊர் மாறிப் போனதாகச் சொன்னார்கள். தம்பி வேறொரு கம்பெனியில் நான்கு தூண் லிஃப்ட் வாங்கினான். அதற்காக உத்தரத்தின் ஒரு பக்கத்தைச் செதுக்க வேண்டியிருந்தது. மேலே அப்பாவின் கார் நிற்கிறது, இன்னும் ஓடவில்லை. கீழே ஒரு கார் நிறுத்துமளவு இடம் இருக்கிறது. அவன் மனைவி அதில் துணி காயப்போடுகிறாள். அக்கா சொந்தமாகக் கார் வாங்கிவிட்டாள். வருடத்துக்கு ஒரு முறை வந்து, இரண்டு நாள் தங்கிவிட்டுப் போவாள். உள்ளே விடச் சொல்லி அவன் ஒவ்வொரு முறையும் ஷட்டரைத் தூக்கி வைக்கிறான். அவள் வண்டியைத் தெருவிலேயே நிறுத்துகிறாள்.