ரயில் பாதைக்கு அந்தப் பக்கம்

அரசு ஆபீஸ்களின் மண்டல எல்லையை மாற்றச் சொல்லி எழுதிய மனுவில் முதல் கையெழுத்து அவளுடையதுதான்.

படுக்கையில் கிடப்பவர்களை வீடு வீடாகப் போய்ப் பார்த்துக்கொள்ளும் அரசாங்க நர்ஸ் அவள். ரயில் பாதையின் இரண்டு பக்கமும் அவள் பொறுப்பு. அந்தப் பக்கத்து ஜனங்கள் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. ஆஸ்பத்திரி ஒரு மண்டலம், மருந்துச் சீட்டு இன்னொரு மண்டலம், உதவித்தொகை மூன்றாவது. எழுந்து நிற்க முடியாதவர்களைக்கூட மூன்று இடத்துக்கும் இழுத்தடித்தார்கள். "எல்லாத்தையும் ஒரே ஆபீஸா ஆக்குங்க சார், புண்ணியமாப் போகும்" என்று கூட்டத்தில் எழுந்து சொன்னாள். கை தட்டினார்கள்.

ஆறே மாதத்தில் நடந்துவிட்டது. எல்லாத் துறைக்கும் ரயில் பாதையே எல்லை. அந்தப் பக்கத்துக்குத் தனி ஆபீஸ், தனி நர்ஸ். உத்தரவைப் படித்தபோதுதான் அவளுக்கு அந்தப் பக்கத்து லிஃப்ட் மெக்கானிக்கின் நினைவு வந்தது.

பக்கவாதத்தில் பேச்சும் வலது பக்கமும் போய் ஆறு வருஷமாகப் படுத்திருந்தார் அவர். மனைவிக்குக் கை நடுங்கும். கொஞ்சம் தப்பினாலும் புரையேறிவிடும். அவர் வயிறாரச் சாப்பிடுவது மதியம் ஒரு வேளைதான், அதுவும் நர்ஸின் கையால். "லிஃப்ட் மேல வருது, கதவத் தெறங்க" என்பாள். ஒரு பக்கமாகச் சிரித்துக்கொண்டே வாயைத் திறப்பார்.

அதிகாரியிடம் போய் நின்றாள். "ஒரே ஒரு வீடு சார்."

"ஒரு வீட்டுக்காகக் கோட்ட வளைச்சா நாளைக்கு நூறு பேர் வந்து நிப்பாங்கம்மா. நீங்க கேட்டதுதானே இது?"

அந்தப் பக்கத்துக்கு வரும் புது நர்ஸைத் தேடிப் போய், மெக்கானிக்குக்கு எப்படி ஊட்டுவது என்று சொல்லிக்கொடுத்தாள்.

புது நர்ஸ் நல்ல பெண். மூன்றாம் நாளே போன் செய்தாள். "அக்கா, நீங்க சொல்லிக்கொடுத்த மாதிரியேதான் செய்யறேன். கதவத் தெறங்கன்னுகூடச் சொல்லிப் பாத்துட்டேன். மூஞ்சியத் திருப்பிக்கறார்."

ஞாயிற்றுக்கிழமை விடுமுறையில், சீருடை இல்லாமல், விருந்தாளி போலப் போனாள். கிண்ணம் காலியாகும்வரை சாப்பிட்டார். அடுத்த ஞாயிறும் அப்படியே. நடுவில் ஆறு நாளும் ஏதோ இரண்டு வாய். வாரத்துக்கு ஒரு வேளைச் சாப்பாட்டில் உடம்பு எத்தனை நாள் தாங்கும்? நான்காவது வாரம் ஆஸ்பத்திரியில் மூக்கில் குழாய் போட்டார்கள். ஐந்தாம் நாள் போய்விட்டார்.

துக்கத்துக்குப் போனபோது அவர் மனைவி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"உன் மேல கோபம் இல்லம்மா. எதிர்வீட்டுப் பிள்ளைக்கு இப்ப மருந்து வாசலுக்கே வருது. நீ செஞ்சது நல்லதுதான்." பிடித்த கையை விட்டாள். "ஆனா கொஞ்ச நாளைக்கு வராத. மதியம் ஆனா வாசலப் பாத்தே பழகிட்டேன். இப்ப நீ வந்து நின்னா, அவருக்குச் சாப்பாடு எடுத்து வைக்கணும்னு எந்திரிச்சிடுவேன்."

சரி என்று தலையாட்டினாள். பாதையைக் கடந்து இந்தப் பக்கம் வந்தாள். அன்றைய பட்டியலில் இன்னும் நான்கு வீடு இருந்தது. முதல் வீட்டின் தண்ணீர்க் குழாயைத் திறந்து, தேவைக்கு அதிகமாகவே வெகுநேரம் கை கழுவினாள்.